எண்ணெய் ஊற்றியதும் ஏறிய முள்: வாங்குவதற்கு முன் ஒரு பழைய டிராக்டரின் கம்ப்ரஷன் ஆய்வு

சென்ற ஆண்டு வைகாசியில், மேலூருக்குக் கிழக்கே கடைமடையில் நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், ஒத்தக்கடையில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிற்கும் பழைய டிராக்டருக்கு 3,40,000 ரூபாய் விலை சொல்கிறார்கள் என்றும், முன்பணம் கொடுப்பதற்கு முன் நான் வந்து எஞ்சினைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். வண்டி 12 ஆண்டுகள் ஓடியது. மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைத்திறன் வகை, பழைய முறை டீசல் பம்பு பொருத்தியது. தரகர் ஒரு குறையைத் தாமாகவே சொல்லியிருந்தார். மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை நசுக்கும் அழுத்தம், குறைவு. ஒரு மெக்கானிக் அந்தச் சிலிண்டரில் எண்ணெய் ஊற்றிப் பார்த்ததில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஏறிவிட்டது. ஆகவே பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் ரிங்குதான் தேய்ந்திருக்கிறது. ரிங்கு மாற்ற 18,000 ரூபாய் ஆகும், விலையில் 20,000 குறைத்துக்கொள்ளலாம் என்பது அவர் பேச்சு. குறையை மறைக்காமல் சொன்னதே என் விவசாயிக்கு அந்த வண்டியின் மேல் நம்பிக்கையை உண்டாக்கியிருந்தது.

பழைய டிராக்டர் வாங்குகிறவர்கள் டயரையும் கியரையும் ஆர்.சி. புத்தகத்தையும் பார்க்கும் அக்கறையில் பாதியைக்கூடக் கம்ப்ரஷனில் காட்டுவதில்லை. ஆனால் கடைமடை விவசாயிக்கு எஞ்சின் எப்போது நின்றுபோகிறது என்பது, எத்தனை ரூபாய் செலவு என்பதைவிடப் பெரிய கேள்வி. 1895-இல் பெரியாற்று அணை கட்டி முடித்த காலத்திலிருந்து மேலூர் வட்டாரம் அந்தக் கால்வாய்த் தண்ணீரை நம்பியே நடவு செய்கிறது. தண்ணீர் கடைசி மடைக்கு வந்து சேரும் சில நாட்களுக்குள் தொளி கலக்கி முடித்தாக வேண்டும். அந்த வாரத்தில் எஞ்சின் நின்றால், வாடகை வண்டிக்கு ஊர் முழுவதும் வரிசையில் நிற்கும். இதை அவரே என்னிடம் சொன்னார்: "ரிங்கு வேலைன்னா இப்பவே பாத்துக்கலாம் தம்பி. நட்டுவைக்கிற நேரத்துல காலை வாரிவிட்டா அந்த வருசமே போச்சு."

போவதற்கு முன் இரண்டு நிபந்தனைகள் சொன்னேன். வண்டியை விடியற்காலையில்தான் பார்ப்பேன். நான் வரும்வரை யாரும் அதை ஸ்டார்ட் செய்யக் கூடாது. தரகர் மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வெயில் நேரத்தில்தான் வண்டி நன்றாகப் பிடிக்கும் என்று அவருக்குப் பழக்கத்தில் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்லிவிட்டால் என் நிபந்தனையின் காரணம் விளங்கும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறிக் காற்றை நசுக்கும்போது எழும் சூடே டீசலைப் பற்றவைக்கிறது. இந்த வகை எஞ்சினில் காற்று சுமார் 17.5 மடங்கு நசுங்குகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் சிலிண்டர் சுவரும் கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்கிட்டால், 25 டிகிரியில் உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 430 டிகிரிக்கு ஏறும். 40 டிகிரியில் போகும் காற்று 466 டிகிரியைத் தொடும். வெளியே இருக்கும் 15 டிகிரி வித்தியாசம் உள்ளே 36 டிகிரியாகப் பெருகுகிறது. இப்போது கம்ப்ரஷன் குறைந்து, 17.5 மடங்குக்குப் பதிலாக 14.8 மடங்கு மட்டுமே நசுக்கும் ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். 40 டிகிரி வெயிலில் அதுவும் 429 டிகிரியை எட்டிவிடும். அதாவது மதிய வெயிலில் பழுதான சிலிண்டர் காட்டும் சூடும், விடியற்காலையில் நல்ல சிலிண்டர் காட்டும் சூடும் ஏறத்தாழ ஒன்றே. மதுரை வெயில் கம்ப்ரஷன் குறையை மூடி மறைத்துவிடுகிறது. சித்திரையிலும் வைகாசியிலும் பழைய டீசல் வண்டி வாங்குகிறவர்கள் மார்கழியில் வந்து என் பட்டறை வாசலில் நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

தோப்பில் பார்த்தவை

காலை ஐந்தரைக்குத் தோப்பில் இருந்தோம். சிறுமலைப் பக்கம் இன்னும் வெளுக்கவில்லை. முதலில் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டிலும் ரேடியேட்டரின் மேல்தொட்டியிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டும் தோப்பின் குளிர்ச்சியோடு இருந்தன, யாரும் முன்கூட்டிச் சூடேற்றவில்லை. ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்ததில் மட்டம் சரி, பால்போல் கலங்கலும் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். அது அடைத்திருந்தால் உள்ளே போகும் காற்றே குறைந்து, கேஜ் பொய் சொல்லிவிடும். வண்டியின் பேட்டரியை நம்பாமல், முழு சார்ஜில் இருந்த என் பேட்டரியையே இணைத்தேன். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் நல்ல எஞ்சினும் கம்ப்ரஷன் குறைந்ததாகவே காட்டும்.

பிறகு, ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல் பத்து விநாடி சுற்றவிட்டுக் காதைக் கொடுத்தேன். மூன்று சிலிண்டர் எஞ்சினைச் சுற்றும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் மேலேறும் இடத்தில் ஸ்டார்ட்டர் திணறி ஒரு கனமான அடி கேட்கும். நல்ல எஞ்சினில் மூன்று அடியும் ஒரே கனத்தில், உலக்கை போடுவதுபோல் விழும். இங்கே இரண்டு அடி கனமாகவும், மூன்றாவது சற்றே லேசாகவும் விழுந்தன. வித்தியாசம் பெரிது இல்லை. காற்று பெருமளவு கசியும் சிலிண்டராக இருந்தால் அந்த இடத்தில் அடியே இல்லாமல் எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடும். இது வழுக்கவில்லை, இளைத்து ஒலித்தது. அந்த நேரத்தில் இதை மனத்தில் குறித்துக்கொண்டதோடு சரி. அதன் பொருள் பிறகுதான் முழுதாக விளங்கியது.

ஸ்டாப்பை விட்டதும் எஞ்சின் பிடித்தது. ஆனால் முதல் இரண்டு நிமிடம் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்தது. சைலன்சரிலிருந்து கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வந்தது. அந்தப் புகைக்குப் பச்சை டீசல் வாடை இருந்தது. எரியாமல் ஆவியாகிப் போகும் டீசல் அது. எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை இல்லை. எஞ்சின் சூடேறியதும் வெள்ளைப் புகையும் நின்று, ஓட்டமும் சமமானது. மதியம் வந்திருந்தால் இந்த இரண்டு நிமிடத்தை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்.

எந்தச் சிலிண்டர் என்பதை உறுதி செய்ய, எஞ்சின் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தினேன். இதைச் செய்கிறவர்கள் தடித்த துணியால் மூடிக்கொண்டே செய்ய வேண்டும். இந்த எஞ்சின்களில் நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கிறது, அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், போனால் விரலையே இழக்க நேரலாம். இதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் எஞ்சின்களில் இந்தச் சோதனைக்கே இடமில்லை. முதல் இரண்டு நட்டுகளைத் தளர்த்தியபோது எஞ்சினின் வேகம் தடாலென்று இறங்கியது. மூன்றாவதில் அத்தனை இறங்கவில்லை. மூன்றாவது நாசிலைக் கழற்றி முதல் சிலிண்டரிலும், முதலாவதை மூன்றிலும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். குறை நாசிலோடு இடம் மாறவில்லை, மூன்றாவதிலேயே நின்றது. ஆகவே நாசில் குற்றமற்றது.

அடுத்து, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தலைகீழாக அதே வாயில் வைத்தேன். ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று அதிகமாக இருந்தால், மூடி துள்ளி விழும் அல்லது ஓரமாக நகர்ந்துவிடும். இது லேசாக நடுங்கியபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. 12 ஆண்டு ஓடிய எஞ்சினுக்கு இது நல்ல நிலை. தரகரின் "ரிங்கு தேய்மானம்" என்ற முடிவின் மேல் எனக்கு முதல் சந்தேகம் எழுந்தது இங்கேதான். ரிங்கு தேய்ந்து கம்ப்ரஷன் குறையும் அளவுக்குப் போனால், காற்று எங்காவது வெளிவந்தாக வேண்டும். வெளிவரும் வழி இதுதான். நீலப் புகையும் இல்லை, மூடியும் துள்ளவில்லை என்றால் எதை வைத்து ரிங்கு என்று சொல்வது?

கேஜும் எண்ணெயும்

மூன்று நாசிலையும் கழற்றி, டீசலை நிறுத்தி, சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு அழுத்தம் வரை காட்டும் டீசல் கேஜைப் பொருத்தினேன். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் 300 பவுண்டில் முடிந்துவிடும், அதை இதில் மாட்டினால் உடைந்துபோகும். முள் ஏறி நிற்கும்வரை ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறேழு அடி சுற்றினோம். முதல் சிலிண்டர் 395 பவுண்டு, இரண்டாவது 400, மூன்றாவது 320. சிலிண்டர்களுக்கிடையே பத்து விழுக்காடு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம். இது இருபது விழுக்காடு. முள் ஏறிய விதத்தையும் கவனித்தேன். ரிங்கு கசிந்தால் முதல் அடியில் குறைவாக எழுந்து, பிறகு அடிக்கு அடி கொஞ்சங்கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். இங்கே மற்ற இரண்டைப் போலவே சட்டென்று ஏறி, தாழ்ந்த இடத்தில் நின்றுவிட்டது.

அடுத்து தரகரின் மெக்கானிக் செய்ததையே நானும் செய்தேன். பத்து மி.லி. ஊசிக் குழாயில் எஞ்சின் ஆயிலை எடுத்து, நாசில் துளை வழியே மூன்றாவது சிலிண்டரில் விட்டுச் சுற்றினேன். முள் 385-க்கு ஏறியது. தரகர் பக்கத்திலிருந்து, "பாத்தீங்களா, ரிங்குதான்" என்றார். பாடம் கேட்டவர்கள் அனைவரும் சொல்லும் முடிவு அதுதான்: எண்ணெய் ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைக்கிறது, அடைத்ததும் கம்ப்ரஷன் ஏறுகிறது, எனவே ரிங்கு தேய்ந்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் இது பெரும்பாலும் சரியாக வரும்.

நான் அதே பத்து மி.லி. எண்ணெயை நன்றாக இருந்த முதல் சிலிண்டரிலும் விட்டேன். முள் 395-லிருந்து 490-க்குப் போனது. தரகர் பேசவில்லை. குறையே இல்லாத சிலிண்டரிலும் எண்ணெய் முள்ளை ஏற்றுகிறது என்றால், ஏறியதை வைத்து ரிங்கைக் குற்றம் சொல்ல முடியாது.

காரணம் எளிய கணக்கு. இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 830 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் சுமார் 50 சி.சி. மட்டும், ஒரு சிறிய டம்ளர் டீ அளவுகூட இல்லை. இவ்வளவு குறுகிய இடத்தில் 10 சி.சி. எண்ணெயை ஊற்றினால் காற்றுக்கு 40 சி.சி.தான் மிஞ்சும், 17.5 மடங்கு நசுங்கிய காற்று ஏறக்குறைய 22 மடங்கு நசுங்கும். ரிங்கு எப்படி இருந்தாலும் முள் ஏறும். அதோடு, இந்த வகை பிஸ்டனின் தலையில் கிண்ணம்போல் ஒரு குழி இருக்கிறது. நாசில் துளை அதன் நேர் மேலே. ஊற்றிய எண்ணெய் நேராக அந்தக் கிண்ணத்தில் போய் உட்காருகிறதே தவிர, ரிங்கு இருக்கும் ஓரத்துக்கு முழுதாகப் போய்ச் சேருவதே இல்லை. இதே கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சினில் மேலே மிஞ்சும் இடம் இதைவிடப் பெரியது என்பதால் அங்கே இந்தப் பிழை சிறியது. பெட்ரோல் வண்டிக்கு உரிய சோதனையை அப்படியே டீசலுக்குக் கொண்டுவந்து, நல்ல ரிங்கைக் கழற்றிப் போட்ட வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் நானும் ஒரு முறை அப்படிக் கழற்றியிருக்கிறேன், அந்த வண்டிக்காரர் பணம் வீணானது இன்றும் எனக்கு உறுத்தல்தான். எண்ணெய்ச் சோதனையை முடித்ததும் நாசிலை மாட்டுவதற்கு முன் எஞ்சினைச் சுற்றி எண்ணெயை வெளியே தள்ளிவிட வேண்டும். உள்ளே தங்கினால் அதுவே எரிபொருளாகி எஞ்சின் கட்டுக்கு அடங்காமல் ஓடும்.

காற்று கசிகிறதா, குறைகிறதா, இடம் கூடியிருக்கிறதா

ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைய மூன்று வழிகள்தான் உண்டு. உள்ளே வந்த காற்று கசிய வேண்டும். அல்லது காற்றே குறைவாக உள்ளே வர வேண்டும். அல்லது அது நசுங்கும் இடம் பெரிதாகியிருக்க வேண்டும். கேஜ் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது, குறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கேஜைப் பார்த்ததுமே முதல் வழியை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள்.

கசிவைப் பார்க்கக் கையோடு கொண்டுபோயிருந்த சிறிய கம்ப்ரஸரை இணைத்தேன். ஒவ்வொரு பிஸ்டனையும் கம்ப்ரஷன் அடியின் உச்சிக்குக் கொண்டுவந்து, வண்டியைக் கியரில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, நாசில் துளை வழியாக 80 பவுண்டு காற்றைச் செலுத்தினேன். பூட்டாமல் செய்தால் காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைச் சுழற்றிவிடும், ஃபேன் அருகே கை இருந்தால் ஆபத்து. உள்ளே தங்கி நிற்கும் அழுத்தத்தைக் காட்டும் இரண்டாவது கேஜ் முதல் சிலிண்டரில் 71 காட்டியது, இரண்டாவது சிலிண்டரில் 70, மூன்றாவதில் 71. ஏர் ஃபில்டர் குழாயில் காது வைத்தேன். சத்தமில்லை, எனவே உள்வரும் வால்வு மூடுகிறது. சைலன்சர் வாயில் சத்தமில்லை. வெளியேறும் வால்வும் சரி. ரேடியேட்டரில் குமிழி இல்லை, பக்கத்துச் சிலிண்டரின் நாசில் துளையில் வைத்த காகிதமும் அசையவில்லை. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் பிடித்திருக்கிறது. ஆயில் வாயில் மட்டும் மூன்று சிலிண்டரிலும் ஒரே அளவில் மெல்லிய சீறல் கேட்டது. ரிங்குகளின் இயல்பான கசிவு அது. எண்பது பவுண்டு குறைந்த சிலிண்டர், நல்ல சிலிண்டர்களுக்கு இணையாகக் காற்றைப் பிடித்து வைத்திருந்தது. அதோடு முதல் வழி அடைபட்டது.

இரண்டாவது வழிக்கு, எஞ்சினின் மேலே உள்ள ராக்கர் மூடியைத் திறந்து, வால்வுகளின் டேப்பட் இடைவெளியைப் பார்த்தேன், அளவுக்குள் இருந்தது. வால்வைத் திறக்கும் கேம் தேய்ந்து உள்வரும் வால்வு முழுதாகத் திறக்காவிட்டால் காற்று குறையும். டயல் கேஜை வைத்து ஒவ்வொரு உள்வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்ததில் மூன்றும் ஒன்றே. மிஞ்சியது மூன்றாவது வழி.

பத்தாம் கேஜ் கனமுள்ள வெல்டிங் ராடு ஒன்றை எடுத்து, மேல்பூச்சைத் தட்டி உதிர்த்து, முனையை அரத்தால் உருட்டிக்கொண்டேன். இந்த எஞ்சினில் நாசில் ஏறக்குறைய நேராக நிற்பதால் இந்த வழி சாத்தியமானது. சாய்ந்து நிற்கும் எஞ்சின்களில் இது கைகொடுக்காது. ராடை நாசில் துளைக்குள் இறக்கி, பிஸ்டன் கிண்ணத்தின் அடியைத் தொடவைத்து, ஃபிளைவீலை முன்னும் பின்னுமாக அசைத்தேன். பிஸ்டன் மேலேறும்போது ராடு விரலைத் தள்ளிக்கொண்டு எழுந்து, உச்சியில் ஒரு நொடி நின்று, மறுபடி இறங்கும். அந்த உச்சியில், நாசில் உட்காரும் விளிம்பின் மட்டத்தில் ராடின் மேல் அரத்தால் ஒரு கீறல் போட்டேன். முதல் சிலிண்டரின் கீறலும் இரண்டாவதின் கீறலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நகத்தால் தடவினால் ஒரே கோடு. மூன்றாவதின் கீறல் தனியே மேலே நின்றது. மூன்று முறை அளந்தேன், வெர்னியரில் 1.5 மி.மீ. வித்தியாசம். மூன்றாவது பிஸ்டன் மற்றவற்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்வாகவே நின்றுவிடுகிறது.

ஒன்றரை மில்லிமீட்டர் என்பது ஐந்து ரூபாய் நாணயத்தின் கனம் அளவுக்குக்கூட வராது. ஆனால் 91 மி.மீ. அகலமுள்ள சிலிண்டரில் அது ஏறக்குறைய 10 சி.சி. இடம். ஐம்பது சி.சி. இருக்க வேண்டிய இடத்தில் 60 சி.சி. இருக்கிறது, 17.5 மடங்கு 14.8 மடங்காகச் சுருங்குகிறது. கணக்குப்படி முள் 400-லிருந்து 320 அருகே இறங்க வேண்டும், இறங்கியிருந்தது. தரகரின் மெக்கானிக் ஊற்றிய எண்ணெயும் இரண்டு சின்னக் கரண்டி, அதாவது அதே 10 சி.சி. காணாமல்போன இடத்தை அந்த எண்ணெய் அளவு பிசகாமல் நிரப்பிவிட்டது. அதனால்தான் முள் மற்றச் சிலிண்டர்களின் மட்டத்துக்கே வந்து நின்று, அவ்வளவு நம்பும்படியாக ஒரு தவறான முடிவைக் காட்டியது. அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்.

பிஸ்டன் தாழ்ந்து நிற்க எனக்குத் தோன்றிய காரணங்கள் மூன்று: பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், முன்பு வேலை பார்த்தவர் உயரம் குறைந்த வேறு பிஸ்டனைப் போட்டிருக்கலாம், கிண்ணத்தின் அடி எரிந்து குழி விழுந்திருக்கலாம். வெளியிலிருந்து இவற்றைப் பிரித்துச் சொல்ல இயலாது என்று வெளிப்படையாகச் சொன்னேன். ஆனால் மூன்றில் எதுவானாலும் ரிங்கு மாற்றுவதால் தீராது, ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். வளைந்த ராடாக இருந்தால் அதை அப்படியே ஓட்டுவது பெரிய ஆபத்து: ஒவ்வொரு சுற்றிலும் வளைவில் சுமை ஏறி ஏறி உலோகம் களைத்து, ஒரு நாள் பாரத்தில் இருக்கும்போது ஒடியும், ஒடிந்த ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போது ராடு, பிஸ்டன் என்ற பேச்சே இல்லை, எஞ்சினே போய்விடும்.

எஞ்சின் இதற்கு முன் பிரிக்கப்பட்டதா என்று தோப்புக்காரரிடம் கேட்டேன். பிரித்ததே இல்லை என்றார். வண்டி எப்போதாவது நீண்ட நாள் நின்றதா என்று கேட்டதற்கு, தோப்பில் வேலை பார்க்கும் பெரியவர்தான் பதில் சொன்னார். முந்தின ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி திறந்தவெளியில் ஒன்றரை மாதம் நின்றிருக்கிறது. சைலன்சர் மேல்நோக்கி நிற்கும் வகை. வாயில் மூடி இல்லை. மழை விட்டபின் பேட்டரி இறங்கிப்போயிருந்ததால், பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் சங்கிலி கட்டி, கியரில் போட்டு இழுத்திருக்கிறார்கள். "மொதல்ல பின் டயர் உருளவே இல்லங்க, சேத்துல தேச்சுக்கிட்டே வந்துச்சு. அப்புறம் ஒரு குலுக்குக் குலுக்கி ஸ்டார்ட் ஆயிருச்சு" என்றார்.

அந்தக் குலுக்கலே வளைவு நடந்த கணம் என்று நினைக்கிறேன். சைலன்சர் வழியே இறங்கிய மழைநீர், வெளியேறும் வால்வு திறந்த நிலையில் நின்றுபோன மூன்றாவது சிலிண்டருக்குள் புகுந்திருக்க வேண்டும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. ஐம்பது சி.சி.க்கு மேல் தண்ணீர் இருந்தாலே பிஸ்டன் உச்சிக்குப் போக முடியாது. ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றியிருந்தால் அது திணறி நின்றிருக்கும், ஒருவேளை சேதமும் இல்லாமல் போயிருக்கும். இன்னொரு டிராக்டர் முழு பலத்தோடு இழுத்தபோது நிற்க வழியில்லை, ராடு வளைந்து இடம் கொடுத்தது. டயர் உருளாமல் தேய்ந்தது எஞ்சின் பூட்டிக்கொண்டதன் அடையாளம். அந்தப் பெரியவர் அதைக் கவனித்து நினைவிலும் வைத்திருந்தது எனக்குப் பெரிய உதவி.

பிரித்தபின்

கியர், ஹைட்ராலிக், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு மூன்றும் நன்றாக இருந்ததால், வண்டியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விற்கிறவர் முன்னிலையில் என் பட்டறையில் ஹெட்டை இறக்குவது, கண்டதைப் பொறுத்து விலை பேசுவது என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டார்கள். ஹெட்டைத் தூக்கியதும், ராடைக் கழற்றுவதற்கு முன்பே விடை தெரிந்தது. ரிங்கு எட்டாத இடத்தில் சிலிண்டரின் உள்சுவரான லைனரின் மேல்விளிம்பையொட்டி ஒரு கரிவளையம் படியும். முதல் இரண்டு சிலிண்டரில் அது ஒரே அகலத்தில் இருந்தது. மூன்றாவதில் அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அகலமாக, பழைய கரிக்குக் கீழே புதிதாகப் படிந்த பழுப்புக் கோட்டோடு இருந்தது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே, ரிங்கு முன்பு வந்து திரும்பிய இடத்தின் அடையாளம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. தோப்புக்காரரை அழைத்து விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு மறுபேச்சின்றி விலையைக் குறைக்கச் சம்மதித்தார். 2,90,000 ரூபாய்க்கு முடிந்தது.

கனெக்டிங் ராடைக் கழற்றி லேத் பட்டறையில் கருவியில் வைத்துப் பார்த்தபோது வளைவு கண்ணுக்கே தெரிந்தது. பிஸ்டனின் பக்கங்களில் எதிரெதிர் மூலைகளாக மேலே ஒரு பக்கமும் கீழே மறுபக்கமும் உராய்ந்த பளபளப்பு இருந்தது. பிஸ்டன் சாய்ந்து ஓடியதற்கு அதுவே சாட்சி. லேத்காரர் ராடைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு முறை வளைந்த ராடை நிமிர்த்துவது அதை இரண்டாவது முறை வளைப்பதே. பார்வைக்கு நேராகும், உள்ளே களைத்த உலோகம் பழைய வலுவுக்குத் திரும்பாது. மற்ற இரண்டின் எடைக்கு ஒத்த புதிய ராடு, மூன்றாவதற்கு லைனர், பிஸ்டன், ரிங்கு, அந்த ராடின் பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் ஆனது. முதல் இரண்டு சிலிண்டரின் ரிங்கை நான் தொடவில்லை. தரகர் சொன்னபடி மூன்றுக்கும் ரிங்கு மாற்றியிருந்தால் 18,000 ரூபாய் செலவாகி, கேஜ் மறுபடியும் 320-லேயே நின்றிருக்கும், வளைந்த ராடும் உள்ளேயே இருந்திருக்கும்.

வேலை முடிந்து இருபது மணி நேரம் ஓட்டியபின் அளந்ததில் முறையே 395, 400, 405 பவுண்டு வந்தது. சைலன்சர் வாய்க்குக் கீல் வைத்த தகர மூடி ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தேன். புரட்டாசியில் மடைக்குத் தண்ணீர் வந்த அன்று விடியற்காலை அந்த விவசாயி போன் செய்து, எதுவும் பேசாமல் போனை எஞ்சின் பக்கம் நீட்டிப் பிடித்து, ஸ்டாப்பை இழுத்தபடி சுற்றிக் காட்டினார். மூன்று அடியும் ஒரே கனத்தில் விழுந்தன.